பழைய பைத்தான் 2 கோட 3க்கு மாத்துறது எப்படி, கத்தாத எரர்ல மாட்டாம

போன வருஷம் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில பில்லிங், ஸ்டாக் ரெண்டையும் பாக்குற பைத்தான் ப்ரோக்ராம் ஒண்ண மாத்திக் குடுக்க வேண்டி வந்துச்சு. 2011ல யாரோ எழுதினது, எழுதினவர் இப்ப எந்த ஊர்ல இருக்காருன்னே யாருக்கும் தெரியல, பழைய விண்டோஸ் 7 மெஷின்ல அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு, ஒரு நாள் மெஷின் போயிருச்சு. புது மெஷின்ல புது பைத்தான போட்டு ரன் பண்ணா ஆரம்பத்துலயே சிண்டாக்ஸ் எரர், பிரிண்டுக்கு அடைப்புக்குறி இல்லன்னு. ஓனர் பையன் காலேஜ்ல பைத்தான் படிக்கிறான், "அண்ணா, அடைப்புக்குறி போட்டா முடிஞ்சிடும்ல"ன்னு கேட்டான். அவன் மட்டும் இல்ல, நெறைய பேர் அப்படித்தான் நெனச்சு எறங்குறாங்க. அடைப்புக்குறி போட அரை நாள் ஆச்சு. மீதி வேலைக்கு ஆறு வாரம்.

அந்த ஆறு வாரமும் எதுக்குப் போச்சுன்னு சொல்றதுதான் இது. காப்பி பண்ணி ஒட்டுற கோட் எதுவும் இதுல இல்ல, எங்க பாக்கணும், எந்த வரிசையில செய்யணும், எது எப்படி ஏமாத்தும்ங்கறது மட்டும். ஒண்ண மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கங்க: கத்துற எரர் நம்ம ஃப்ரெண்டு. அது எந்த ஃபைல், எத்தனாவது வரின்னு சொல்லிட்டுத்தான் நிக்கும். கத்தாம அமைதியா வேற விடை குடுக்குற எடங்கதான் கழுத்த அறுக்கும், அதெல்லாம் ஓடும், நல்லாவே ஓடும், தப்பா ஓடும்.

கத சுருக்கமா. பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பர். பழச வச்சிருக்கவங்களுக்காக 2010ல 2.7 வந்துச்சு, அதுக்கு 2015 வரைக்கும்தான் ஆயுசுன்னு மொதல்ல சொன்னாங்க, யாரும் நகரல, 2020 ஜனவரி 1 வரைக்கும்னு தள்ளி வச்சாங்க. கடைசி ரிலீஸ் 2.7.18, 2020 ஏப்ரல்ல. அதுக்கப்புறம் செக்யூரிட்டி ஓட்டை கண்டுபிடிச்சாக்கூட அங்க இருந்து அடைக்க மாட்டாங்க. ஏன் இப்படி பழைய கோட ஒடைக்கிற மாதிரி மாத்தினாங்கன்னா, பெரிய காரணம் ஸ்ட்ரிங். பைத்தான் 2ல ஸ்ட்ரிங்குன்னா வெறும் பைட் மூட்டை, அதுக்குள்ள எந்த மொழி, எந்த என்கோடிங்குனு (எந்த எழுத்துக்கு எந்த பைட்டுங்கற முறை) அதுக்கே தெரியாது. இங்கிலீஷ் மட்டும் எழுதறவனுக்கு அது பிரச்சனையே இல்ல, தமிழ்ல வாடிக்கையாளர் பேர் அடிக்கிற கடைக்குத்தான் அது தலைவலி. அதுனால இந்த மாத்தம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நல்லது பண்ணின மாத்தம்தான், வலிச்சாலும்.

சரி வேலைக்கு வருவோம். முதல் வேலை, கோட தொடாதீங்க. நெஜமாத்தான் சொல்றேன். மொத்தத்தையும் அப்படியே கிட்ல (கோட்ல பண்ற மாத்தங்கள பதிஞ்சு வைக்கிற கருவி) போட்டு ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு, வைங்க, பேக்கப் ஃபோல்டர், பழைய காப்பி, புதுசு-2ன்னு இருக்கற குப்பையோட சேத்து. அப்புறம் பழைய பைத்தான் 2.7 எங்கயாச்சும் ஒரு எடத்துல ஓடணும், அது இல்லாம இந்த வேலையே கெடையாது. டாக்கர் (ப்ரோக்ராம அதுக்கு வேண்டியதோட சேத்து தனிப் பெட்டியில ஓட்டுற கருவி) தெரிஞ்சா 2.7க்கு ரெடிமேட் இமேஜ் கெடைக்குது, இல்லன்னா ஒரு விர்ச்சுவல் மெஷின். பழைய மெஷின் இன்னும் உசுரோட இருந்தா அதுல பிப் ஃப்ரீஸ் போட்டு எந்த லைப்ரரி எந்த வெர்ஷன்னு லிஸ்ட் எடுத்து வச்சுக்கங்க, அது செத்தப்புறம் தேடினா நான் பட்ட பாடுதான் நீங்களும் படுவீங்க, ஹார்ட் டிஸ்க கழட்டி வேற மெஷின்ல மாட்டி ஃபோல்டர் ஃபோல்டரா பாத்தேன்.

ரெண்டாவது, பழைய ப்ரோக்ராம் குடுக்குற விடைங்கள சேத்து வைக்கணும். டெஸ்ட் எழுதியிருப்பாங்களான்னு தேடாதீங்க, எழுதியிருக்க மாட்டாங்க. இப்ப ஒக்காந்து 18 ஆயிரம் வரிக்கு டெஸ்ட் எழுதவும் முடியாது. அதுக்கு பதிலா ரெண்டு மாச நெஜ டேட்டாவ எடுத்து பழைய 2.7ல ஓட்டி, வர்ற ஒவ்வொரு பில்லு, ஸ்டாக் ரிப்போர்ட்டு, லெட்ஜர், எல்லாத்தையும் டெக்ஸ்ட் ஃபைலா ஒரு ஃபோல்டர்ல சேவ் பண்ணிடுங்க. பின்னாடி புதுச ஓட்டும்போது இதோட டிஃப் போட்டு, அதாவது எந்த வரி மாறியிருக்குன்னு ஒப்பிட்டு, பாக்கப் போறோம். சாதாரண மாசமா மட்டும் எடுக்காதீங்க, மார்ச்ச எடுங்க, தீபாவளி மாசத்த எடுங்க, ரிட்டர்ன் வந்த பில்லு, கேன்சல் ஆன பில்லு, பேர் காலியா இருக்கற கஸ்டமர், அளவு பூஜ்யமா இருக்கற ஐட்டம், இந்த மாதிரி கோணல்மாணலா இருக்கறதெல்லாம் உள்ள வரணும், தப்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ரிப்போர்ட்டுல தேதி நேரம் அச்சாகுதுன்னா அத ஒரே தேதியா நிறுத்தி வைங்க, இல்லன்னா டிஃப்ல எல்லா வரியும் வேறன்னு காட்டும். இன்னொண்ணு, பைத்தான் 2ல டிக்ஷனரிக்கு வரிசைன்னு ஒண்ணு கெடையாது, 3.7ல இருந்து நீங்க போட்ட வரிசையிலயே நிக்கும், அதுனால டிக்ஷனரிய அப்படியே சுத்தி பிரிண்ட் பண்ற எடங்கள்ல வரி மேல கீழ மாறித்தான் வரும். டிஃப் போடறதுக்கு முன்னாடி அந்த ஃபைல்கள சார்ட் பண்ணிக்கங்க.

மூணாவது, லைப்ரரி கணக்கெடுப்பு. கோட்ல இம்போர்ட் ஆகற ஒவ்வொண்ணயும் எழுதி, பைத்தான் 3ல அது இருக்கா, இல்லன்னா அது எடத்துல எது வந்திருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் பதில் ரெடியாவே இருக்கும். படத்துக்கு பில் (PIL) லைப்ரரி இருந்துச்சுன்னா இப்ப பில்லோ (Pillow). மை-எஸ்கியூஎல்-டிபி இருந்துச்சுன்னா மை-எஸ்கியூஎல்-கிளையன்ட், கோட்ல இம்போர்ட் பேரக்கூட மாத்த வேண்டாம். பைகிரிப்டோ எடத்துல பைகிரிப்டோடோம். எக்ஸ்எல்-ஆர்டிய வச்சு எக்செல் படிச்சிட்டு இருந்தீங்கன்னா கவனம், அதோட 2.0ல இருந்து பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல் மட்டும்தான் படிக்கும், புது எக்ஸ்எல்எஸ்எக்ஸ்க்கு ஓபன்-பை-எக்ஸ்எல் போகணும். ஜாங்கோல (வெப்சைட் கட்டற பைத்தான் ஃப்ரேம்வொர்க்) இருந்தா 1.11தான் பைத்தான் 2 தெரிஞ்ச கடைசி வெர்ஷன், 2.0ல இருந்து 3 மட்டும், அப்ப மொதல்ல 1.11க்கு வந்து நின்னு பைத்தான மாத்திட்டு அப்புறம் ஜாங்கோவ ஏத்துங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா எது ஒடைச்சுதுன்னே தெரியாது.

எந்த 3க்கு போறதுன்னு கேப்பீங்க. வருஷா வருஷம் அக்டோபர்ல புது வெர்ஷன் வரும், ஒவ்வொண்ணுக்கும் 5 வருஷம் சப்போர்ட்டு. ஆகப் புதுசு வேண்டாம், அதுக்கு ஒண்ணு முன்னாடி எடுங்க. கடையில விண்டோஸ் 7 மெஷின் ஒண்ணாச்சும் மிச்சம் இருந்தா 3.8க்கு மேல ஏறாது, 3.9ல இருந்து அதுல இன்ஸ்டாலே ஆகாது. அந்த ஒரு மெஷினுக்காக எல்லாரும் 3.8ல நிக்காதீங்க, மெஷின மாத்தச் சொல்லுங்க.

அடுத்து ஒரு முடிவு எடுக்கணும், ரெண்டு பைத்தான்லயும் ஓடற மாதிரி கோட வச்சுக்கறதா, இல்ல ஒரேயடியா வெட்டிட்டு 3க்கு போறதா. நூறு பேர் வேல பாக்குற கோட், தெனமும் ரிலீஸ் போகுதுன்னா ரெண்டுலயும் ஓடணும், அதுக்குத்தான் சிக்ஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு, ரெண்டு பெருக்கல் மூணு ஆறு, அதான் பேர். நம்ம கடை மாதிரி ஒரே எடத்துல ஓடற ப்ரோக்ராமுக்கு அதெல்லாம் வேண்டாத சுமை. ஆனா வெட்டறதுக்கு முன்னாடி பழைய 2.7லயே செய்யக்கூடிய வேல கொஞ்சம் இருக்கு, அத செஞ்சுட்டு வெட்டுங்க. 2.7அ ரன் பண்ணும்போது பக்கத்துல -3 போட்டா 3க்குப் போனா ஒதைக்கப் போற எடங்கள வார்னிங்கா காட்டும். ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் ஃப்யூச்சர் இம்போர்ட்டுல (3ஓட பழக்கத்த 2.7லயே கொண்டு வர்ற வரி) பிரிண்ட், டிவிஷன், அப்சொல்யூட் இம்போர்ட் மூணையும் போட்டு 2.7லயே ஓட்டி, சேத்து வச்ச விடையோட டிஃப் போடுங்க. ஒவ்வொரு ஃபைலா போடுங்க, மொத்தமா போட்டுட்டு முழிக்காதீங்க. யூனிகோட் லிட்டரல்ஸ்னு நாலாவது ஒண்ணு இருக்கு, அத நான் போடல, போட்டுப் பாத்தேன், சிஎஸ்வி எழுதற எடம், டேட்டாபேஸ் எடம்னு அங்கங்க வெடிச்சுது, எப்படியும் 3ல போய் சரி பண்ணப் போற விஷயம், ரெண்டு தடவ அழ வேண்டாம்னு விட்டுட்டேன்.

இப்ப டூ-டு-த்ரீ. பழைய கோட தானா 3க்கு மாத்துற, பைத்தான் கூடவே வந்துட்டிருந்த கருவி (2to3), 3.13ல தூக்கிட்டாங்க, அதுனால இந்த வேலைக்கு மட்டும் 3.11 இல்ல 3.12 ஒண்ண தனியா போட்டுக்கங்க. பிரிண்ட், எக்செப்ட்ல கமா போட்டது, ஹேஸ்-கீ, எக்ஸ்-ரேஞ்ச், இட்டர்-ஐட்டம்ஸ், ரா-இன்புட், இடம் மாறின மாட்யூல் பேருங்க, இதெல்லாம் அதுவே மாத்தும். எல்லாத்தையும் ஒரே அடியா ஓட விடாம ஒவ்வொரு ஃபிக்ஸரா (ஒரு வகை மாத்தத்த மட்டும் செய்யற பகுதி) ஓட்டி ஒவ்வொரு கமிட்டா போடுங்க, ஒரு கமிட்ல பிரிண்ட் மட்டும், அடுத்ததுல எக்செப்ட் மட்டும், அப்பத்தான் கண்ணால பாத்து ரிவ்யூ பண்ண முடியும். ஒரே ஃபைல்ல பிரிண்ட் ஃபிக்ஸர ரெண்டு தடவ ஓட்டிடாதீங்க, ஏற்கனவே அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு விஷயம் கமா போட்டு இருந்தா இன்னொரு அடைப்புக்குறி சுத்திவிட்டுட்டு போயிடும், பில்லுல கமாவும் கொட்டேஷனுமா அச்சாகும். கீஸ், மேப் வர்ற எடமெல்லாம் லிஸ்ட்டுன்னு ஒரு சட்டைய மாட்டிவிட்டுட்டும் போகும், அசிங்கமா இருக்கும், பரவால்ல, மொதல்ல அப்படியே விடுங்க. சும்மா சுத்தற லூப்புக்கு அது வேண்டாம், அப்புறமா கழட்டிக்கலாம். டேபும் ஸ்பேஸும் கலந்து கெடக்குற பழைய ஃபைல்கள 3 ஏத்துக்காது, எடிட்டர்லயே மொத்தத்தையும் நாலு ஸ்பேஸா மாத்திடுங்க, ஆனா மாத்தும்போது டேப் 8 ஸ்பேஸுன்னு கணக்கு வச்சு மாத்தணும், பைத்தான் 2 அப்படித்தான் எண்ணுச்சு, எடிட்டர்ல 4ன்னு இருந்தா சில வரி வேற ஈஃபுக்குள்ள போய் ஒக்காந்துக்கும், சத்தமே வராது.

இதுவரைக்கும் ஆனது கத்துற எரர். இனிமேதான் விஷயம்.

ஸ்ட்ரிங்க மொதல்ல எடுக்கறேன், ரொம்ப நாள் அதுக்குத்தான் போச்சு. பைத்தான் 2ல தமிழ் வச்சு வேல பாத்த எல்லாரும் அந்த எரர பாத்திருப்பீங்க, ஆஸ்கி கோடெக்கால டிகோட் பண்ண முடியல, ரேஞ்ச் 128க்குள்ள இல்லன்னு. யூடிஎஃப்-8ல தமிழ் எழுத்து எதுவா இருந்தாலும் முதல் பைட் 224தான், அதுனால எந்த தமிழ்ப் பேர் வந்தாலும் அதே எரர் அதே நம்பர். அதுக்கு எல்லாரும் போட்ட மாத்திரை, சிஸ் மாட்யூல ரீலோட் பண்ணி டீஃபால்ட் என்கோடிங்க யூடிஎஃப்-8ன்னு செட் பண்ற அந்த ரெண்டு வரி. உங்க பழைய கோட்ல தேடுங்க, கண்டிப்பா இருக்கும். 3ல அந்த ஃபங்ஷனே கெடையாது, அழிச்சிடுங்க. ஆனா அது இருந்துச்சுன்னா இந்த ப்ரோக்ராம்ல எங்க பைட், எங்க எழுத்துன்னு யாருமே யோசிச்சதில்லன்னு அர்த்தம், அத நீங்கதான் யோசிக்கணும்.

யோசிக்கிறது எப்படின்னா, வாசல்ல மட்டும் மாத்து. வெளிய இருந்து உள்ள வரும்போது டிகோட், உள்ள இருந்து வெளிய போகும்போது என்கோட், வீட்டுக்குள்ள சுத்தறது எல்லாம் எழுத்து மட்டும். வாசல்னா ஃபைல், டேட்டாபேஸ், நெட்வொர்க், பிரிண்டர், வேற ப்ரோக்ராம கூப்பிட்டு வாங்குற அவுட்புட். ஒரு பேப்பர்ல வாசல எல்லாம் எழுதுங்க. எங்களுக்கு பதினொண்ணு வந்துச்சு. கோட்ல நடுவுல எங்கயாச்சும் என்கோட் டிகோட்னு பாத்தா சந்தேகப்படுங்க, யாரோ வலிக்கு ஒட்டின பிளாஸ்திரி அது.

முதல் வாசல் ஃபைல். ஓபன்ல என்கோடிங் குடுக்காம விட்டா விண்டோஸ்ல அந்த மெஷினோட கோட் பேஜ (விண்டோஸோட பழைய என்கோடிங்) எடுத்துக்கும், நம்ம ஊர் மெஷின்ல பொதுவா 1252. அதுல யூடிஎஃப்-8 தமிழ் ஃபைல படிச்சா என்ன ஆகும் தெரியுமா, இது எனக்கு ஒரு முழு நாள் ஆச்சு புரிய. முருகன்னு ஒரு பேர் வந்தா எரர். மாலான்னு வந்தா எரர் இல்ல, மேல கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள்ள ஆர்னு குப்பையா உள்ள போய் டேட்டாபேஸ்ல ஒக்காந்துக்குது. ஏன்னா நம்ம புள்ளியோட கடைசி பைட் 141, மு, ருல வர்ற உகரக் குறியோடது 129, அந்த ரெண்டு நம்பருக்கும் 1252ல எழுத்தே கெடையாது, அதுனால புள்ளியோ உகரக் குறியோ வச்ச எழுத்து வந்தா கத்துது, ரெண்டும் இல்லாத பேரு அமைதியா நாசமாப் போகுது. தனி எழுத்தா வர்ற ஏ, ஐ ரெண்டும் இதே மாதிரி கத்தும். டெஸ்ட்டுக்கு நீங்க எந்தப் பேர அடிச்சீங்கங்கறதப் பொறுத்து உங்களுக்கு பிரச்சனை தெரியும், இல்ல தெரியாமலே போகும். அதுனால ஓபன்னு எழுதின ஒவ்வொரு எடத்துலயும் என்கோடிங்க கையால குடுங்க, விதிவிலக்கே வேண்டாம். 3.10ல இருந்து என்கோடிங் குடுக்காத ஓபன வார்னிங்கா காட்ட ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போட்டு ஒரு தடவ முழுசா ஓட்டுங்க.

சிஎஸ்வி தனிக் கத. பழசுல பைனரி மோடுல திறந்திருப்பாங்க, 3ல டெக்ஸ்ட் மோடுல திறந்து நியூலைன காலியா குடுக்கணும், மறந்தா விண்டோஸ்ல ஒரு வரி விட்டு ஒரு வரி காலியா வரும். எக்செல்ல டபுள் கிளிக் பண்ணி திறக்கற ஃபைல்னா வெறும் யூடிஎஃப்-8 போதாது, சிக்னு ஒரு வால் சேந்த யூடிஎஃப்-8 (utf-8-sig) இருக்கு, அதுல எழுதினாத்தான் தமிழ் தமிழா தெரியும். அதே ஃபைல திரும்பப் படிக்கும்போது வால் இல்லாம படிச்சா முதல் காலம் பேருக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கும், அந்தக் காலமே இல்லன்னு கீ எரர் வரும், பிரிண்ட் போட்டுப் பாத்தா பேரு சரியாத்தான் இருக்கும், பேய் புடிச்ச மாதிரி இருக்கும்.

அப்புறம் பைட்ட எஸ்டிஆர்க்குள்ள (str) போட்டு எழுத்தாக்குற பழக்கம். 2ல அது ஒண்ணும் பண்ணாது. 3ல முன்னாடி பீ, சுத்தி கொட்டேஷனோட ஒரு ஸ்ட்ரிங் வரும், எரர் வராது, அதுவே பார்ட்டி பேரா பில்லுல அச்சாகும். அதே மாதிரி பைட்டும் எழுத்தும் சமமான்னு கேட்டா 3 எப்பவுமே இல்லன்னுதான் சொல்லும், சத்தமில்லாம, ஈஃபுக்குள்ள போகாம தாண்டிப் போயிடும். ரெண்டையும் புடிக்க வழி இருக்கு, 3அ ஓட்டும்போது பக்கத்துல பீ ஆப்ஷன ரெண்டு தடவ சேத்து (-bb) போடுங்க, இந்த மாதிரி எடத்துல எல்லாம் எரரா நிறுத்தும். இத போடாம டெஸ்ட் பண்ணவே கூடாதுன்னு நான் சொல்லுவேன்.

தெர்மல் பிரிண்டருக்கு கமாண்ட் அனுப்பற கோட் இருந்தா அங்க நேர் எதிர். சிஎச்ஆர் 27, சிஎச்ஆர் 64ன்னு சேத்து அனுப்பியிருப்பாங்க, 2ல அது பைட், 3ல அது எழுத்து. எரர் வருதேன்னு சும்மா யூடிஎஃப்-8ல என்கோட் பண்ணி அனுப்பினா 127 வரைக்கும் சரியா போகும், அதுக்கு மேல உள்ள நம்பர் ஒவ்வொண்ணும் ரெண்டு பைட்டா பிரிஞ்சு பிரிண்டர் கன்னாபின்னான்னு பேப்பர தள்ளும். நம்பர் லிஸ்ட்ட நேரா பைட்ஸாக்கி அனுப்புங்க, எழுத்து வழியா போகவே வேண்டாம்.

நீளம் எண்ற எடங்கள். தமிழ்ங்கற சொல்லுக்கு நீளம் கேட்டா பைத்தான் 2 பைட் ஸ்ட்ரிங்ல 15, பைத்தான் 3ல 5, நம்ம கண்ணுக்கு 3. பில்லுல ஐட்டம் பேர 30ல வெட்டுன்னு எழுதியிருந்தா 2ல 10 குறியீட்டுல வெட்டினது 3ல 30 குறியீடு வரைக்கும் விட்டுடும், காலம் பக்கத்து காலத்து மேல ஏறி விலை அடுத்த வரிக்குப் போயிடும். எண்ணிக்கைய சரி பண்ணினாலும் வெட்டு ழவுக்கும் புள்ளிக்கும் நடுவுல விழுந்தா ழ்ங்கறது ழன்னு ஆயிடும். எழுத்து எழுத்தா பிரிக்கறதுக்கு ஓபன்-தமிழ்னு லைப்ரரி இருக்கு, அதுல எழுத்துக்கள லிஸ்ட்டா வாங்கி வெட்டுங்க. பழைய டிஸ்கி (யூனிகோடுக்கு முன்னாடி இருந்த தமிழ் என்கோடிங்) ஃபான்ட் ஃபைல் இருந்தா அத யூனிகோடா மாத்தறதும் அதுலயே இருக்கு. அந்த மாதிரி ஃபைல் 2ல பைட்டாவே உள்ள வந்து பைட்டாவே வெளிய போயிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது, 3ல வாசல்லயே மாட்டும். ஒரு தடவ எல்லாத்தையும் மாத்தி வச்சிடுங்க, ரெண்டு என்கோடிங்கயும் கட்டிட்டு அழாதீங்க. எங்க கடையில 2003 வாக்குல அடிச்ச பார்ட்டி லிஸ்ட் ஒண்ணு அப்படி கெடந்துச்சு, அதுல பாதிப் பேர் இப்ப யாவாரத்துலயே இல்ல, ஆனாலும் பழைய பாக்கி அதுலதான் இருக்கு.

இப்ப காசு. இதுலதான் எனக்கு பேச்சு விழுந்துச்சு. பைத்தான் 2ல முழு எண்ண முழு எண்ணால வகுத்தா முழு எண்தான், 125 பீஸ 12ஆல வகுத்தா 10. 3ல 10.41ன்னு நீளமா வரும். பண்டில் கணக்குல பத்து புள்ளி நாலு பண்டில்னு அச்சானா கண்ணுல பட்டுடும், லிஸ்ட்டுக்கு இன்டெக்ஸா போனா எரர் வந்துடும், ஆனா அது ஒரு பெருக்கலுக்குள்ள போச்சுன்னா எந்த சத்தமும் இல்லாம தொகை மாறும். டூ-டு-த்ரீ இத தொடவே தொடாது, ஏன்னா அந்த எடத்துல முழு எண் வருமா புள்ளி வச்ச எண் வருமான்னு அதுக்கு தெரியாது. ஒரே வழி, கோட்ல ஒத்தக் கோடு இருக்கற எடம் எல்லாத்தையும் தேடி ஒண்ணொண்ணா பாத்து, பழைய விடை வேணும்னா // போடுங்க. எங்களுக்கு 200க்கு மேல இருந்துச்சு, ரெண்டு நாள். சலிப்பான வேல, காபி வச்சுட்டு பண்ணுங்க, ஆனா வேற ஆள்கிட்ட தள்ளாதீங்க.

ரவுண்ட் ஆஃப் இன்னும் மோசம். 2ல 2.5அ ரவுண்ட் பண்ணா 3. 3ல 2. நடுவுல சரியா அரையில நிக்குற எண்ண பக்கத்துல இருக்கற இரட்டை எண்ணுக்கு தள்றது 3ஓட பழக்கம், வங்கியாளர் முறைம்பாங்க. பில்லு 1250 ரூவா 50 பைசான்னா பழசு 1251, புதுசு 1250. ஆனா 1251 ரூவா 50 பைசான்னா ரெண்டும் 1252. அதாவது 50 பைசால முடியற பில்லுல பாதிதான் மாறும், மீதி சரியா வரும், டெஸ்ட்ல நான் பாத்த ரெண்டு பில்லும் சரியா வந்த ஜாதி. சேத்து வச்ச விடையோட முழுசா டிஃப் போடாம அவசரத்துல மூணு நாள் முன்னாடியே கவுன்டர்ல ஓட விட்டேன், தப்பு என்னோடதுதான். கணக்கு பாக்குற அக்கா நாலாம் நாள் கூப்பிட்டு "தம்பி, கேஷ் டேலி ஆகல, சில்லறை சில்லறையா இடிக்குது"ன்னாங்க. மொத்தம் 37 ரூவா. 37 ரூவாய தேடி ரெண்டு நாள். மருந்து என்னன்னா காசு வர்ற எடத்துல ரவுண்ட நம்பாதீங்க, டெசிமல் மாட்யூலுக்கு மாத்தி பாதின்னா மேலன்னு விதிய கையால சொல்லுங்க, டெசிமலுக்கு எண்ண குடுக்கும்போது ஃப்ளோட்டா குடுக்காம ஸ்ட்ரிங்கா குடுங்க, இல்லன்னா ஃப்ளோட்டோட அழுக்கும் கூடவே ஏறும்.

சின்னச் சின்ன அமைதிப் பேய்ங்க இன்னும் இருக்கு. மேப், ஃபில்டர், ஜிப் இதெல்லாம் 3ல ஒரு தடவதான் சுத்தும், ஒரு தடவ கூட்டிட்டு ரெண்டாவது தடவ பிரிண்ட் பண்ணா காலி. மொத்தம் சரியா இருக்கும், விவரம் வெறுமையா இருக்கும். தேதி இல்லாத பில்ல நன்னு (None, மதிப்பு எதுவும் இல்லன்னு அர்த்தம்) வச்சு சார்ட் பண்ணா 2ல நன் எல்லாத்துக்கும் முன்னாடி வரும், 3ல டைப் எரர், இது கத்துற வகை, ஆனா அந்த மாதிரி டேட்டா வர்ற அன்னிக்குத்தான் கத்தும், உங்களுக்கு லீவு அன்னிக்கு வரும். நான்-ஜீரோன்னு மெத்தட் எழுதின கிளாஸ் இருந்தா 3ல அத யாரும் கூப்பிட மாட்டாங்க, பூல்னு பேர் மாத்தணும், டூ-டு-த்ரீ மாத்திடும்தான், ஆனாலும் பாத்துக்கங்க. பேரோட ஹேஷ (பேர்ல இருந்து கணக்கு போட்டு வர்ற எண்) வச்சு ஃபைல் பேர் உண்டாக்கியிருந்தாங்கன்னா 3.3ல இருந்து ஸ்ட்ரிங் ஹேஷ் ஒவ்வொரு ரன்னுக்கும் வேற வேற, நேத்து எழுதின ஃபைல இன்னிக்கு தேடினா கெடைக்காது, ஹேஷ்லிப்ல எம்டி-5 மாதிரி ஒண்ணுக்கு மாத்துங்க, அதுக்கு பைட்டாத்தான் குடுக்கணும்.

பிக்கிள்ல, அதாவது பைத்தானோட சொந்த ஃபைல் வடிவத்துல, சேவ் பண்ணின பழைய டேட்டா இருந்தா 3லயும் படிக்கலாம், லேட்டின்-1ன்னு என்கோடிங் குடுத்தா தேதி எல்லாம் கூட வந்துடும், ஆனா தமிழ்ப் பேரெல்லாம் குப்பையா வரும், ஒவ்வொண்ணயும் லேட்டின்-1ல என்கோட் பண்ணி யூடிஎஃப்-8ல டிகோட் பண்ணி மீக்கணும். அதுக்கு பதிலா பழைய 2.7ல ஒரு பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதி ஜேசனா கொட்டிட்டு 3ல ஜேசனா படிக்கிறது நிம்மதி. அதுக்குத்தான் 2.7 உசுரோட இருக்கணும்னு மொதல்லயே சொன்னேன்.

2ல இருந்து 3க்கு வந்துட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, 3க்குள்ளயும் பழச தூக்கிட்டே வர்றாங்க. async-ங்கற சொல் 3.7ல ரிசர்வ் ஆயிடுச்சு, வேரியபிள் பேரா வச்சிருந்தா போச்சு. கலெக்ஷன்ஸ்ல இருந்த மேப்பிங் மாதிரி பேரெல்லாம் 3.10ல ஏபிசிக்குள்ள (collections.abc) மட்டும்தான். டிஸ்ட்-யுடில்ஸ், இம்ப் ரெண்டும் 3.12ல இல்ல, சிஜிஐ, டெல்நெட்-லிப் 3.13ல இல்ல. நெட்ல கெடைக்குற பழைய வழிகாட்டி நெறைய 2015 வாக்குல எழுதினது, அதுல சொல்ற மாத்தத்த செஞ்சாலும் இன்னிக்கு இருக்கற 3ல ஓடாது. டெப்ரிகேஷன் வார்னிங்க எல்லாம் தெரியற மாதிரி ஆன் பண்ணி ஒரு தடவ ஓட்டி வர்றத எல்லாம் அப்பவே தீத்துடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் ரெண்டையும் பக்கத்து பக்கத்துல ஒரு மாசமாச்சும் ஓட்டுங்க. கவுன்டர்ல பழசு, அதே டேட்டாவ ராத்திரி புதுசுல ஓட்டி காலைல டிஃப் பாக்கறது. மெஷின் போயிட்டதால எங்களுக்கு பழசு டாக்கர்ல ஓடுச்சு, யாருக்கும் வித்தியாசம் தெரியல. டிஃப் காலியா வர்ற நாள்களா ஒரு மாச முடிவையும் தாண்டணும், அதுக்கப்புறம் மாத்துங்க. மாத்தினதும் பழைய இமேஜ அழிச்சிடாதீங்க, ஆடிட்டர் ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பழைய ரிப்போர்ட்ட கேப்பார்.

எங்க டிஃப்ல கடைசி வரைக்கும் ஒரே ஒரு வரி போகவே இல்ல, ஸ்டாக் மதிப்புல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கொஞ்சம் பைசா கூட வந்துச்சு. தோண்டிப் பாத்தா, மொத்த விலைய எண்ணிக்கையால வகுக்கற எடத்துல பழசு ரெண்டையும் முழு எண்ணா வச்சிருந்துச்சு, 2011ல இருந்து பைசாவ எல்லாம் முழுங்கிட்டே வந்திருக்கு. புதுசுதான் சரி. இந்த மாதிரி வந்தா என்ன பண்ணணும்னா, சரி பண்ணாதீங்க, இந்த கமிட்ல பண்ணாதீங்க. // போட்டு பழைய தப்ப அப்படியே கொண்டு வாங்க, டிஃப் காலி ஆகட்டும். அப்புறம் தனியா ஓனர்கிட்டயும் ஆடிட்டர்கிட்டயும் காட்டி, அவங்க சொல்ற தேதியில தனி கமிட்டா மாத்துங்க. எங்களுக்கு ஏப்ரல் 1ன்னு சொன்னாங்க. அக்கா மட்டும் அந்த ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்துட்டு, "அப்ப நான் வருஷா வருஷம் கையால சரி பண்ணி எழுதிட்டு இருந்தது இதத்தானா"ன்னு கேட்டாங்க.